சிபியின் தராசும் சுண்டெலியின் உயிரும்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு எலிகளை அறிந்திருந்தன. ஒன்று, லயத்து வீட்டின் அரிசிப் பானையைத் தேடி இரவில் வரும் எலி. அதற்குப் பொறி வைத்தார்கள், அகப்பட்டால் கொன்றார்கள். மற்றொன்று, தோட்டத்துக் கோயிலில் பிள்ளையாரின் திருவடியருகே அமர்ந்திருக்கும் கல் எலி. அதற்குக் குங்குமம் இட்டார்கள், பூச் சாத்தினார்கள். பொறி வைத்த கையே குங்குமமும் இட்டது. அந்தக் கைக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை. குடும்பத்தின் உணவைக் காப்பது ஒரு கடமை. உயிரை வணங்குவது மற்றொரு கடமை. இரண்டும் ஒரே வாழ்க்கையில் அருகருகே நடந்தன.

பின்னர்த் தோட்டங்கள் மாறின. ரப்பர் மரங்கள் சாய்ந்த நிலங்களில் செம்பனை எழுந்தது. செம்பனைக் குலைகளைக் கடிக்கும் எலிகளைப் பிடிப்பதற்காக ஆந்தைகளுக்குப் பெட்டிக் கூடுகள் அமைக்கப்பட்டன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் மற்றப் புறநகர்களிலும் குடியேறின. இவ்வளவு மாற்றத்திற்கிடையிலும் எலியைப் பற்றிய எண்ணம் மாறவில்லை. அது பயிருக்கும் உணவுக்கும் பகை. கோயிலில் மட்டும் தெய்வத்தின் ஊர்தி.

ஆயின், அந்தக் குடும்பங்கள் கண்ணால் கண்டிராத மூன்றாவது எலி ஒன்று உலகில் உண்டு. அது எந்த வீட்டு அரிசியையும் தின்றதில்லை. எந்தக் கோயிலிலும் அமர்ந்ததில்லை. ஆய்வுக்கூடத்தின் கூண்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இறக்கும் வெண்ணிறச் சுண்டெலியோ கருநிறச் சுண்டெலியோ அது. மனிதனின் பரம்பரை நோயை அது தன் உடலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'ஏற்றுக்கொண்டிருக்கிறது' என்பதுகூடப் பிழை. அந்நோய் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகின்றது. தன் குழந்தையின் துயரைத் தீர்ப்பதற்காக, துயருறுவதற்கென்றே வேறோர் உயிரைப் பிறப்பிக்க மனிதனுக்கு உரிமை உண்டா?

குடும்பத்தைத் தொடரும் பிணி

கேள்வியின் கனத்தை உணர, நோயின் கனத்தை முதலில் உணரவேண்டும். நரம்பணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைந்து அழியும் நோய்கள் பல உள்ளன. அவற்றுள் சில, தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தைத் தொடர்கின்றன. ஹண்டிங்டன் நோய் அத்தகையது. 1872-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் அதை விவரித்து எழுதினார். முப்பது, நாற்பது வயதுவரை நலமாக வாழ்ந்த ஒருவரின் கைகால்கள் தாமாகவே அசையத் தொடங்குகின்றன. நடை தள்ளாடுகிறது. பேச்சு குழறுகிறது. மனமும் நினைவும் மெல்ல மெல்லச் சிதைகின்றன. நோயுற்ற பெற்றோர் ஒருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

தண்டுவடத் தசை நலிவு நோய் வேறு வகையினது. அது பெரும்பாலும் குழந்தையைத் தாக்குகிறது. தாயும் தந்தையும் நலமாகவே இருப்பர். ஆனால் இருவரும் பழுதுற்ற ஒரே மரபணுவைத் தங்களுக்குள் மறைவாகச் சுமந்திருப்பர். அவ்விருவருக்கும் பிறக்கும் குழந்தைக்கு அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இவ்வாறு இருவர் சேரும் வாய்ப்பு கூடுகிறது. நோயின் கடுமையான வகையில், குழந்தையால் தலையை நிமிர்த்த இயலாது, உட்கார இயலாது, நாளடைவில் பாலை விழுங்கவும் மூச்சு விடவும் இயலாது. மருந்து இல்லாத காலத்தில் அத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் இரண்டாவது பிறந்தநாளைக் காணவில்லை. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். தாயின் முகத்தைக் கண்டு அக்குழந்தை சிரிக்கும்.

மரபணு என்ற சொல்லே வழங்காத காலத்தில், இப்படிப்பட்ட பிணி ஒரு குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மக்கள் என்ன நினைத்திருப்பர்? குலதெய்வத்திற்கு ஏதோ குறை என்பர். யாரோ வைத்த செய்வினை என்பர். அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவர். பெண் கொடுக்கவும் தயங்குவர். நோயைவிட நோயின் பழி நெடுந்தொலைவு சென்றிருக்கும். ஆதலின் நோயின் காரணத்தைக் கண்டறிவது மருத்துவத்தின் வெற்றி மட்டுமன்று. பழி சுமந்த ஒரு தாயின் தலையிலிருந்து அப்பழியை இறக்குவதும் ஆகும். அறிவியல் செய்யும் இந்த அறத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

புழுங்கல் அரிசி புகட்டும் பாடம்

நரம்பைத் தாக்கும் நோய்க்கு விடை தேட விலங்கைப் பயன்படுத்திய வரலாறு மலாயா மண்ணுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போயிற்று. கால்கள் மரத்தன, வீங்கின, நரம்புகள் செயலிழந்தன, இதயம் நின்றது. அதே நாட்டில் உழைத்த தமிழர்களிடம் அந்நோய் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நோயின் காரணம் சோற்றில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை அவர் இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி. மற்றதற்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசி உண்ட பிரிவில் பலருக்குப் பெரிபெரி வந்தது; 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. 1907-இல் பிரேசர், ஸ்டேன்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே சோதனையை மேலும் கட்டுப்பாடாக நடத்தினர். பிறகு அவர்கள் கோழிகளிடம் திரும்பினர். தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழி நரம்புத் தளர்ச்சியால் கால் மடங்கி விழும் என்பதை, ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன் முன்னரே கண்டிருந்தார். தவிடு கொடுத்தால் கோழி எழுந்து நின்றது. தவிட்டிலிருந்த அந்தப் பொருள் 1926-இல் ஜாவாவிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த வரலாற்றில் பெருமையும் உண்டு, உறுத்தலும் உண்டு. பிளெட்சரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அம்மருத்துவமனையில் ஏற்கெனவே மக்கள் பெரிபெரியால் இறந்துகொண்டிருந்தனர். அவர் கொடுத்த இரண்டு அரிசியும் அன்றாடம் மக்கள் உண்ட அரிசியே. அவர் கண்ட உண்மை பின்னர் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனாலும், தராசில் வைக்கப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆளுநரின் விருந்தினர் அங்கே வைக்கப்படவில்லை. தோட்டத் துரைமார் வைக்கப்படவில்லை. மனம் பேதலித்தவர்களும் ஊரை விட்டுக் கூலிக்கு வந்தவர்களுமே வைக்கப்பட்டனர். முதலில் அவர்கள், பிறகு கோழிகள்.

ஆகவே, சோதனைக் களத்தில் கோடு மனிதனுக்கும் விலங்குக்கும் இடையில்தான் கிழிக்கப்பட்டது என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 'வேண்டாம்' என்று சொல்ல வல்லவர்க்கும் அவ்வாறு சொல்ல இயலாதவர்க்கும் இடையில்தான் அது கிழிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் விதிகள், மனிதனின் மனமொப்பிய இசைவு இல்லாமல் அவன்மீது சோதனை நடத்தலாகாது என்று கூறின. அதே விதிகள் மற்றொன்றும் கூறின: மனிதன்மீது செய்யும் சோதனை, விலங்குச் சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டிருக்கவேண்டும். மனிதன் தராசிலிருந்து இறக்கப்பட்டான்; அந்த இடத்தில் விலங்கு முறைப்படி அமர்த்தப்பட்டது. இறங்கிய பரம்பரையில் வந்தவர்கள், இன்று அங்கே அமர்ந்திருக்கும் உயிரைத் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நோயாகவே பிறக்கும் உயிர்

ஐக்மனின் கோழிக்கும் இன்றைய சுண்டெலிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோழி நலமாகப் பிறந்தது, தீட்டிய அரிசியால் நோயுற்றது, தவிட்டால் தேறியது. பரம்பரை நோய்க்கு அந்த வழி உதவாது. ஹண்டிங்டன் நோய் இயல்பாக எந்தச் சுண்டெலிக்கும் வருவதில்லை. ஆதலின் அந்நோய் வரக்கூடிய சுண்டெலியை மனிதன் உருவாக்கவேண்டியிருந்தது.

அதற்கு வழி 1974-இல் திறந்தது. ருடால்ஃப் ஜேனிஷ், பியட்ரிஸ் மின்ட்ஸ் இருவரும் அயல் மரபுப் பொருளைச் சுண்டெலிக் கருவுக்குள் செலுத்திக் காட்டினர். 1980-களின் தொடக்கத்தில் வேறு பல குழுக்கள், அவ்வாறு செலுத்திய மரபணு குட்டிகளுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் தொடர்வதைக் காட்டின. மயிரினும் நுண்ணிய கண்ணாடி ஊசியால் கருமுட்டைக்குள் மனித மரபணு செலுத்தப்படுகிறது. அம்முட்டை வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைக்கப்படுகிறது. பிறக்கும் குட்டிகளுள் சிலவே அந்த மரபணுவைப் பெற்றிருக்கும். பெறாதவற்றுள் பல, பயனற்றவை என்று கருதப்பட்டுக் கொல்லப்படும்.

ஹண்டிங்டன் நோயின் மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மரபெழுத்துகள் மூன்று, ஓரிடத்தில் ஓயாமல் திரும்பத் திரும்ப வருவதே அந்நோயின் வேர். 35 முறைவரை வந்தால் நோயில்லை. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் தப்பாது. லண்டனில் கில்லியன் பேட்ஸின் குழுவினர், மிக நீண்ட தொடர் கொண்ட அந்த மரபணுத் துண்டைச் சுண்டெலிக்குள் செலுத்தி, 1996-இல் உலகுக்கு அறிவித்தனர். அச்சுண்டெலி சில வாரங்கள் மற்றச் சுண்டெலிகளைப் போலவே ஓடியாடும். பின் உடல் நடுங்கத் தொடங்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால், நலமான எலி கால்களை விரித்து நிலத்தைத் தேடும்; இதுவோ கால்களை மார்போடு சேர்த்து இறுகப் பற்றிக்கொள்ளும். உடல் மெலியும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் இறந்துவிடும். இயக்க நரம்பணுக்கள் சிதைந்து உடல் முழுவதும் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நோய்க்கும் இதுபோன்ற சுண்டெலி 1994-இலேயே உருவாக்கப்பட்டிருந்தது.

கோழிக்குத் தவிடு இருந்தது. இந்தச் சுண்டெலிக்கு வெளியேறும் வாயில் இல்லை. நோய் அதற்கு நேர்ந்த விபத்தன்று. அது படைக்கப்பட்டதன் நோக்கமே நோய்தான். பழங்காலத்தில் மனிதன் விலங்கை வேட்டையாடினான், உழவுக்குப் பூட்டினான், உணவாக்கினான். ஆனால், வேதனையே வடிவான ஓர் உயிரை அவன் அன்று படைத்ததில்லை. அறநூல்கள் எழுதியோர் எண்ணிப் பார்த்திராத நிலை இது.

மறுப்பவரும் ஏற்பவரும்

இதை மறுப்பவர்க்குத் தமிழ் மரபில் வலுவான துணை உண்டு. வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். தம் உயிரே போவதாயினும் பிற உயிரை நீக்கும் செயலைச் செய்யலாகாது என்ற எல்லைவரை அவர் செல்கிறார். வள்ளலார், நீரின்றி வாடும் பயிரின் துயரையும் தம் துயராக உணர்ந்தார். அவர்கள் வழி நிற்பவர் கேட்பது இதுதான்: துன்பத்தைக் கண்டு இரங்குவதே அருள் என்றால், துன்பத்தைத் திட்டமிட்டுப் படைப்பது எப்படி அருளாகும்?

ஏற்பவர் பக்கமும் வெறுமையானதன்று. தண்டுவடத் தசை நலிவு நோயின் வரலாற்றையே அவர்கள் சான்றாகக் காட்டுவர். அந்நோயின் மரபணு 1995-இல் கண்டறியப்பட்டது. மனித உடலில் அதற்கு இரட்டையர் போன்ற மற்றொரு மரபணு உண்டு; ஆனால் அது தேவையான புரதத்தைப் போதிய அளவு தருவதில்லை. அந்தச் சோம்பேறி இரட்டையரை வேலை வாங்க முடியுமா என்பதே கேள்வி. சுண்டெலிக்கு அந்த இரட்டை மரபணு இயல்பில் இல்லை. ஆகவே 2000-ஆம் ஆண்டில் தைவானிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் அந்த மனித மரபணுவைச் சுண்டெலிக்குள் ஏற்றினர். கடும் நோயுற்ற குட்டிகள் ஒரு வாரம்கூட வாழவில்லை. பின்னர் அத்தகைய சுண்டெலிகளைக் கொண்டே, இரட்டை மரபணுவைச் செயற்படத் தூண்டும் மருந்து சோதிக்கப்பட்டது. அந்த மருந்தாகிய நுசினெர்சன் 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பழுதுற்ற மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவையே உடலுக்குள் அனுப்பும் மருத்துவம் 2019 மே மாதத்தில் ஒப்புதல் பெற்றது. உட்காரவும் மாட்டா என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் இன்று உட்காருகின்றன, சில நடக்கின்றன. அந்தச் சுண்டெலிகள் இல்லாமல் இது நடந்திராது என்று கூறினால் மறுப்பதற்கில்லை.

மறுப்பவர் இந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்லவேண்டும். ஏற்பவர் அந்தச் சுண்டெலியின் இறுகிய கால்களைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துப் பேசுவது எளிது, அது அறமாகாது.

தானமும் கடனும்

சோதனைக்கூட விலங்குகள் மனித குலத்திற்காகத் தியாகம் செய்கின்றன என்று எழுதும் வழக்கம் உண்டு. அச்சொல் அழகானது, ஆனால் பொய்யானது. தியாகம் என்பது கொடுப்பவன் அறிந்து கொடுப்பது.

புறாவைக் காக்கச் சிபிச் சக்கரவர்த்தி தராசு கொண்டுவரச் சொன்னான். ஒரு தட்டில் புறா; மறு தட்டில் சதை. அந்தச் சதை யாருடையது? அவனுடைய தொடையிலிருந்து அவனே அரிந்தது. தட்டு தாழாதபோது தானே ஏறி அமர்ந்தான். அவன் அரண்மனையில் ஆடுகளுக்குக் குறைவிருந்திராது. ஓர் ஆட்டை அறுத்துப் பருந்துக்குப் போட்டிருந்தால் புறாவும் பிழைத்திருக்கும், பருந்தும் பசியாறியிருக்கும். அப்படிச் செய்திருந்தால் அவன் பெயர் இன்றுவரை நின்றிராது. ஒரு கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையும் இதையே சொல்கிறது. அறத்தின் விலையைச் செலுத்தியவன் அதைத் தன்னிடமிருந்தே செலுத்தினான்.

ஆய்வுக்கூடம் சிபியின் தராசு அன்று. அங்கே புறாவுக்காக ஆடு அறுக்கப்படுகிறது. அது தானமன்று, எடுத்துக்கொள்ளல். இந்த உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதிலிருந்துதான் அறம் தொடங்க முடியும். கொடுக்கப்படாததை எடுத்துக்கொண்டவன் பெருமைப்பட முடியாது. அவன் கடன்பட்டவன்.

கடன் என்ற இந்தச் சொல்லைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். பிள்ளை நோயில் கிடந்தால், முனியாண்டிக்கு ஆடு நேர்ந்துகொள்ளும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. பிள்ளை எழுந்ததும் அந்த ஆடு வெட்டப்பட்டது. அதை அவர்கள் 'நேர்த்திக்கடன்' என்றார்கள். அந்த வழக்கம் சரியா தவறா என்பது வேறு விவாதம். அதனுள் பொதிந்திருந்த இரண்டு உணர்வுகள் எண்ணத்தக்கவை. ஓர் உயிரின் பெயரால் மற்றோர் உயிர் போகிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை, ஊரறியச் செய்தார்கள். அடுத்து, அந்த ஆட்டின் கறியை வேண்டிக்கொண்டவர் மட்டும் தின்னவில்லை. லயத்து வீடுகளுக்கெல்லாம் அது பங்கு பிரிந்து போயிற்று. இந்த இரண்டு உணர்வுகளையும் அறிவியல் உலகம் பின்பற்றவேண்டும். அப்போதுதான் சுண்டெலியிடம் பட்ட கடனைத் தீர்ப்பதாக அது சொல்லிக்கொள்ளலாம்.

கடன் தீர்க்கும் வழி

முதற்கடன், தேவைக்கு மேல் எடுக்காமை. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்று இருந்தால் அதையே கொள்ளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். இன்று மாற்று வழிகள் வளர்ந்து வருகின்றன. நோயாளியின் தோல் அணுவையே முதலணுவாக மாற்றி, அதிலிருந்து நரம்பணுவைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடிகிறது. நோயாளி தம் இசைவோடு தம் உடலிலிருந்து கொடுப்பதால், அது ஓரளவு சிபியின் வழிக்கு நெருங்கி வருகிறது. புதிய மருந்து எதுவும் விலங்குச் சோதனையைக் கடந்தே தீரவேண்டும் என்றிருந்த கட்டாயத்தை அமெரிக்கச் சட்டம் 2022-இல் நீக்கியது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் 2017-இல் நடைமுறைக்கு வந்து, ஆய்விலும் போதனையிலும் விலங்குகளைக் கையாளுவதை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. சட்டம் தொடக்கம்தான். கூண்டைத் திறக்கும் கைக்கு மனச்சான்றும் வேண்டும்.

இரண்டாம் கடன், வாய்மை. சுண்டெலியின் துயரை வீணாக்கும் சோதனை, துயரைவிடக் கொடிது. ஏ.எல்.எஸ். நோய்க்கென உருவாக்கிய சுண்டெலிகளிடம் பல மருந்துகள் நற்பயன் தந்ததாக ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் வெளிவந்தன. 2008-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை 18,000 சுண்டெலிகளிடம் செம்மையான முறையில் சோதித்து, முடிவை வெளியிட்டது. முன்பு புகழப்பட்ட மருந்துகளும் அதில் பயன் தரவில்லை. சில எலிகளை மட்டும் வைத்து அவசரமாகக் கண்ட முடிவுகள் அவை. சுண்டெலியிடம் நம்பிக்கை காட்டிய மினோசைக்ளின் என்ற மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதை உண்டவர்கள் உண்ணாதவர்களைவிட விரைவாக நலிந்தனர் என்று 2007-இல் தெரியவந்தது. எலியிடம் செய்த பொய் மனிதனிடம் வந்து வட்டி கேட்டது. தோல்வியை மறைப்பவன் எலிக்கும் துரோகி, நோயாளிக்கும் துரோகி. தோல்வியையும் முழுதாக எழுதி வைப்பதே, இறந்த உயிருக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாம் கடன் யாவற்றிலும் பெரிது. அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஆகும். பயன் எல்லார்க்கும் பங்காகவேண்டும். 2019-இல் வந்த மரபணு மருத்துவத்தின் ஒரு முறை ஊசிக்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலை 21 இலட்சம் டாலருக்கும் மேல். மருந்து இருக்கிறது என்று தெரிந்தும் அதை வாங்க முடியாத பெற்றோர் பல நாடுகளில் பொதுமக்களிடம் கையேந்துகின்றனர். ஹண்டிங்டன் மரபணுவைக் கண்டறிய உதவியவர்கள், வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரையில் வாழும் ஏழைக் குடும்பங்கள். ஆயிரக்கணக்கானோர் தங்கள் குருதியைக் கொடுத்தனர். அவர்களுள் பலர் ஏழ்மையிலேயே தொடர்ந்தனர். குருதி ஏரிக்கரையிலிருந்து போயிற்று. பயன் அவ்வளவு எளிதாகத் திரும்பி வரவில்லை.

ஏற்பவரின் வாதம் முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது. 'குழந்தையின் உயிரைக் காக்கிறோம்' என்பதே அத்தூண். அந்தக் குழந்தை எது? பணமுள்ளவரின் குழந்தை மட்டும் என்றால் தூண் சாய்ந்துவிடும். புந்தோங்கில் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் மூச்சுத் திணறும் குழந்தையும், சுங்கை சிப்புட்டில் செம்பனைக்கு நடுவே எஞ்சியிருக்கும் பழைய வீட்டுக் குழந்தையும் அச்சொல்லுக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் சுண்டெலி குழந்தைக்காக இறக்கவில்லை, இலாபத்திற்காகவே இறந்தது. இலாபத்திற்காக உயிரைத் துயருறப் படைப்பதை எந்த அறநூலும் பொறுக்காது. மருந்தின் விலை பொருளாதாரச் சிக்கல் மட்டுமன்று. அது அச்சோதனை அறத்தோடு நடந்ததா என்பதையே பின்னோக்கித் தீர்மானிக்கிறது. பங்கு பிரிக்கப்படாத பலி கொலை மட்டுமே.

இன்னும் ஒரு கல் எலி

ரஷ்யாவில் நொவசிபிர்ஸ்க் நகரத்து மரபியல் ஆய்வுக்கூடத்திற்கு அருகே 2013-இல் ஒரு சிலை திறக்கப்பட்டது. மூக்குக்கண்ணாடி அணிந்த சுண்டெலி ஒன்று பின்னல் ஊசியோடு அமர்ந்து, மரபிழையின் முறுக்கைப் பின்னிக்கொண்டிருப்பதுபோல் அது அமைந்துள்ளது. ஆய்வுக்கூடத்தில் மாண்ட எலிகளுக்கு மனிதன் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. பார்ப்போர் புன்னகைக்கின்றனர். சற்று நின்று எண்ணினால் அப்புன்னகை அடங்கிவிடும்.

பேராக் தோட்டங்களில் லயங்கள் இடிந்த பிறகும் சில இடங்களில் கோயில்கள் மட்டும் நிற்கின்றன. பிள்ளையாரின் திருவடியருகே அந்தக் கல் எலியும் அமர்ந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை நகரங்களிலிருந்து பழைய குடும்பங்கள் திருவிழாவுக்கு வருகின்றன. பிள்ளைக்கு நோய் தீரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய், குனிந்து அந்த எலியின் நெற்றியிலும் குங்குமம் இடுகிறாள். அவள் பிள்ளையைக் காக்கக்கூடிய மருந்துக்காக எங்கோ ஒரு கூண்டில் ஓர் உயிர் கால்களை இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கிற்று என்பது அவளுக்குத் தெரியாது.

தெரிந்தவர்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. அந்த மருந்து அவளுக்கும் எட்டச் செய்வது ஒன்று. அத்தகைய கூண்டே தேவைப்படாத நாளை விரைவுபடுத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்யாமல் எலிக்குச் சிலை எழுப்பினாலும் சரி, குங்குமம் இட்டாலும் சரி, கடன் கடனாகவே நிற்கும்.